மகள் 'மக்கள்' ஆனால்: பழைய கீபோர்டின் செத்த சுவிட்சைக் கழித்த உதிரியால் மாற்றும் வழி

'அவர்கள் வந்தார்கள்' என்று அடித்தால் திரையில் 'அவரகள வந்தாரகள' என்று நின்றது. தமிழ்99 என்ற விசை அமைப்பில் தட்டச்சு செய்பவர்களுக்கு உடனே புரிந்திருக்கும்: புள்ளி வைக்கும் 'எஃப்' கீ செத்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. அதற்கு முந்தைய வாரமே 'மகள்' என்று அடித்தால் 'மக்கள்' என்று வந்துகொண்டிருந்தது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும் என்பது தமிழ்99 விதி. ஆக, நான் ஒரு தடவை அடித்த 'க' இரண்டு தடவையாகப் போயிருக்கிறது. இதைக்கூட யோசிக்காமல் மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று மூன்று நாள் அதையே அழித்து அழித்து நிறுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "இதையெல்லாம் யாரு சார் இப்ப ரிப்பேர் பண்றா, புதுசு வாங்குங்க" என்றார்கள். வீட்டில் நானே கழற்றினேன். இரண்டரை வாரம் போனது, பிசிபியில், அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில், ஒரு தாமிரப் பட்டை பெயர்ந்தது, விரலில் ஒரு கொப்புளம். இப்போது அதே வேலையை ஒரு சுவிட்சுக்குப் பத்து நிமிடத்தில் முடிக்கிறேன். இடையில் நான் செய்த தப்புகளை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சால்டர் என்னும் உலோகக் கம்பியை உருக்கி ஒட்டும் சூட்டுக்கோலான சால்டரிங் அயர்னைத் தொட்டே இராதவர்களும் இதைச் செய்யலாம். ஆனால் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். கெட்டது சுவிட்ச்தான் என்று உறுதியாகும்வரை அயர்னை பிளக்கில் சொருகவே வேண்டாம்.

1. உங்கள் கீபோர்டு எந்த வகை?

ஏதாவது ஒரு கீயின் மூடியை மேலே இழுத்துக் கழற்றுங்கள். உள்ளே கூட்டல் குறி வடிவில் ஒரு பிளாஸ்டிக் தண்டு நின்றால், அதைச் சுற்றி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தால், அது செர்ரி எம்எக்ஸ் வகை சுவிட்ச். தண்டு நீலமாக இருந்தால் 'டிக்' என்று சத்தம் போடும் ரகம். நம் ஊர் டிடிபி கடைகளிலும் கணக்கு அலுவலகங்களிலும் காலங்காலமாக உழைக்கும் டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் இருப்பது இந்த நீலம்தான். பெட்டியின் மேல் 'செர்ரி' என்று பொறித்திருக்கும். பொறிப்பு இல்லாத நகல்களும் உண்டு. அவற்றின் கால்கள் பெரும்பாலும் அதே ஓட்டைகளில் உட்காரும்.

மூடிக்குக் கீழே ரப்பர் குமிழ்கள் தெரிந்தாலோ, உள்ளே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்கள் இருந்தாலோ, இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. அதில் கீக்குத் தனி சுவிட்சே கிடையாது. ஐபிஎம் மாடல் எம் போன்றவற்றில் ஸ்பிரிங் இருந்தாலும் அடியில் தாள்தான். அந்த வைத்தியம் வேறு.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: சுவிட்சுகளுக்கு இடையே இரும்புத் தகடு இருக்கிறதா, அல்லது நேராக பிசிபியின் பரப்பு தெரிகிறதா? தகடு இல்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சுவிட்சை அது இருக்கும் இடத்திலேயே திறக்கலாம். தகடு இருந்தால், சுவிட்ச் மூடியின் கொக்கிகள் விரியத் தகட்டில் இடம் வெட்டியிருக்காவிட்டால், சால்டரை எடுக்காமல் திறக்க முடியாது.

2. செத்தது சுவிட்சா, வேறா?

முதலில் கீபோர்டை வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். வட்ட முனை பிஎஸ்/2 கேபிள் என்றால் கணினியை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். ஓடும்போது பிடுங்கினால் மதர்போர்டின் அந்த இணைப்பே போய்விடும் அபாயம் உண்டு. யுஎஸ்பிக்கு மாற்ற ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் வெறும் முனை மாற்றியை நம்ப வேண்டாம். பழைய பிஎஸ்/2 கீபோர்டு பலவற்றுக்கு உள்ளே சிப் உள்ள மாற்றிதான் வேண்டும். நான் முதலில் வாங்கியது வெறும் முனை. எந்தக் கீயும் வேலை செய்யாததைப் பார்த்து, மொத்தமும் போச்சு என்று ஒரு ராத்திரி தூங்கவில்லை.

விண்டோஸில் திரைக் கீபோர்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கீயாக அழுத்துங்கள். எது விழுகிறது, எது விழவில்லை, எது இரட்டிக்கிறது என்று ஒரு தாளில் கீபோர்டு படம் வரைந்து குறியுங்கள். இந்தத் தாள்தான் உங்களுக்கான முதல் ஆவணம், கடைசிவரை தேவைப்படும்.

குறித்த பிறகு தாளை உற்றுப் பாருங்கள். சம்பந்தமில்லாத ஒன்றிரண்டு கீகள் மட்டும் என்றால் சுவிட்ச்தான். ஆறு, ஏழு கீகள் ஒரேயடியாகச் செத்திருந்தால் சுவிட்ச் இல்லை. கீபோர்டு உள்ளே குறுக்கும் நெடுக்குமான கம்பி வலைதான். அதில் ஒரு வரிசை அறுந்தால் அந்த வரிசையில் உள்ள எல்லாமே போய்விடும். அப்படியென்றால் பிசிபியில் வெடித்த பட்டையையோ தளர்ந்த இணைப்பையோ தேடுங்கள். சுவிட்ச் மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒன்றிரண்டுதான் என்றால் உறுதிசெய்ய ஒரு வழி. கீபோர்டின் அடி மூடியைத் திறந்து, கேபிள் கணினியில் இருக்கும்போதே, செத்த கீக்குப் பின்னால் உள்ள இரண்டு சால்டர் புள்ளிகளையும் ட்வீசர் முனைகளால் ஒரு கணம் இணையுங்கள். அந்த எழுத்து திரையில் விழுந்தால் மற்றதெல்லாம் நலம், சுவிட்ச் மட்டும் கெட்டது. விழாவிட்டால் கெட்டது பட்டையோ, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடோ. கீபோர்டில் ஓடுவது 5 வோல்ட்தான், பயம் வேண்டாம். ஆனால் எந்த இரண்டு புள்ளி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வையுங்கள்.

அடி மூடியின் திருகுகள் சில சமயம் ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருக்கும். விரலால் தடவினால் குழி தெரியும். வாரன்டி மிச்சமிருக்கும் கீபோர்டு என்றால் இந்த இடத்திலேயே நில்லுங்கள். ஸ்டிக்கர் கிழிந்தால் வாரன்டி போச்சு. பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போங்கள்.

3. பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடியும்

எழுத்து இரட்டிப்பதும் விட்டு விட்டு விழுவதும் பெரும்பாலும் அழுக்கு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மூன்று சொட்டு, தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் ஓரமாக விடுங்கள். நூறு தடவை அழுத்துங்கள். எண்ணிச் செய்யுங்கள், இருபதிலேயே கை சலித்துவிடும். ஒரு மணி நேரம் காயவிட்டுச் சோதியுங்கள். என் 'எச்' கீ, அதாவது தமிழ்99-இன் 'க', இரண்டு சுற்றில் சரியாகிவிட்டது. 'மகள்' மறுபடி மகள் ஆனாள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் கைகழுவும் திரவத்தை ஊற்றாதீர்கள். அதில் பிசுபிசுப்பு சேர்த்திருப்பார்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் கூடாது. இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயில் தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும்.

ஓங்கி அடித்தால் வேலை செய்யும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சுவிட்சின் உள்ளே இரண்டு உலோக இதழ்கள் இருக்கின்றன. தண்டின் பக்கவாட்டில் உள்ள இரண்டு சின்னக் கால்கள் அவற்றில் ஒன்றை எப்போதும் தள்ளிப் பிடித்திருக்கும். நீங்கள் அழுத்தும்போது கால்கள் விலகுகின்றன, இதழ் தன் சொந்த வளைவால் போய் மற்றதைத் தொடுகிறது. இதழ்களைச் சேர்த்துவைப்பது உங்கள் விரலின் பலம் இல்லை. நீல ரகத்தில் மொத்தம் 4 மில்லிமீட்டர் ஓட்டம். சுமார் 2.2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து விழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு ஓங்கினாலும் தண்டு அடியில் போய் முட்டும், அவ்வளவுதான். தண்டு உடைந்து கூட்டல் குறி மூடிக்குள்ளேயே மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

4. உதிரி எங்கே கிடைக்கும்?

முதல் உதிரி உங்கள் கீபோர்டிலேயே இருக்கிறது. ஸ்க்ரோல் லாக். கடைசியாக அதை எப்போது அழுத்தினீர்கள்? பக்கத்திலேயே 'பாஸ்/பிரேக்' கீயும் இருக்கிறது. இரண்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். ஒன்றிரண்டு கீதான் செத்தது என்றால் கடைக்கே போக வேண்டாம். ஸ்க்ரோல் லாக்கின் சுவிட்சை எடுத்து செத்த இடத்தில் வையுங்கள், செத்ததை ஸ்க்ரோல் லாக்கில் வையுங்கள். மூடி நிற்க அங்கே ஏதாவது ஒன்று வேண்டுமே. செலவு பூஜ்யம், சுவிட்ச் அதே வயது, அதே சத்தம். இது தெரியாமல் ஒரு முழு கீபோர்டை விலைக்கு வாங்கினேன். அதற்காக வருத்தமில்லை, ஆனாலும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று நான்கு கீகளுக்கு மேல் என்றால் கழித்த கீபோர்டு ஒன்று வேண்டும். சென்னையில் ரிச்சி தெருவில் தேடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மற்ற ஊர்களில் கணினி சர்வீஸ் கடையின் பின்பக்க அட்டைப்பெட்டியும் காயலான் கடையும்தான். கேட்கும்போது "பழைய கீபோர்டு இருக்கா" என்று கேட்டால் எதையாவது எடுத்து நீட்டுவார்கள். "டிக் டிக்னு சத்தம் வர்ற மெக்கானிக்கல், ஒயர் போனது இருக்கா" என்று கேளுங்கள். எலி கடித்த கேபிள் உள்ள கீபோர்டைவிட நல்ல உதிரி கிடையாது: கேபிள் மட்டும்தான் போயிருக்கும், 104 சுவிட்சும் நன்றாக இருக்கும். காபி, தண்ணீர் விழுந்தது என்று சொன்னால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். அடிப் பக்கம் பச்சைப் பூஞ்சை மாதிரி தாமிரக் களிம்பு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, அந்தக் கீபோர்டு யார் கையில் உழைத்தது என்று பார்க்க வேண்டும். எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. கணக்கு அலுவலகத்தில் டேலி கணக்கு மென்பொருள் ஓடிய கீபோர்டு என்றால் வலது பக்க எண் பகுதி, என்டர், எஸ்கேப், 'ஒய்' இவையெல்லாம் களைத்திருக்கும், எழுத்துப் பகுதி ஓரளவு இளமையாக இருக்கும். டிடிபி கடையிலிருந்து வந்தது என்றால் நேர்மாறு: எண் பகுதி புத்தம் புதிதாக இருக்கும், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'சி', 'வி' தேய்ந்திருக்கும். தமிழ்99 அடித்த கை என்றால் 'எஃப்' முதலில் போயிருக்கும். புள்ளி இல்லாமல் தமிழில் இரண்டு சொல் சேர்ந்து வருமா? பிள்ளைகள் விளையாடிய கீபோர்டில் 'டபிள்யூ', 'ஏ', 'எஸ்', 'டி' நான்கையும் தொடாதீர்கள். எதுவும் தெரியாவிட்டால் எஃப்5 முதல் எஃப்12 வரையிலான மேல்வரிசையிலிருந்து எடுங்கள். மூடியின் பளபளப்பும் ஒரு சாட்சி. வழுவழு என்று மின்னினால் அது நிறைய உழைத்த கீ. மூடியை இடம் மாற்றி வைத்திருந்தால் மட்டும் ஏமாறுவோம்.

ஸ்பேஸ் பாரின் சுவிட்சை எழுத்துக்கு எடுக்க வேண்டாம். சில கீபோர்டுகளில் அதற்குக் கடினமான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். 'அ' மட்டும் கல்லைப் போல அழுந்தினால் விரலுக்கு எரிச்சல்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே, மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 'பீப்' நிலையில் வைத்து, சுவிட்சின் பின்னால் உள்ள இரண்டு புள்ளியிலும் முனைகளை வையுங்கள். சும்மா இருக்கும்போது சத்தம் வரக்கூடாது. மெதுவாக அழுத்தினால் ஒரே 'பீப்', கரகரப்பு இல்லாமல் வர வேண்டும். உங்களுக்குத் தேவையான எண்ணிக்கைக்கு இரண்டு மடங்கு நல்ல சுவிட்ச் தேறினால் வாங்குங்கள். கழற்றும்போது சிலது உங்கள் கையாலேயே வீணாகும். எனக்கு முதல் ஐந்தில் இரண்டு வீண்.

அடுத்தது காகித விஷயம். தெரிந்த ஒருவர் அலுவலகத்திலோ பள்ளியிலோ மூலையில் கிடக்கிறது என்று எடுத்துத் தருவதாகச் சொல்வார். அதில் வெள்ளைப் பெயின்டில் இருப்பு எண் எழுதியிருந்தால், பதிவேட்டில் அது கழிக்கப்பட்டதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். நாளைக்குத் தணிக்கையில் அவர் பதில் சொல்ல வேண்டிவரும். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பெரிய அலுவலகங்கள் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் போன்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கினால் ஒரு துண்டுச் சீட்டில் தேதி, தொகை, 'பழைய கீபோர்டு ஒன்று' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவிட்ச் வேறு ரகமாக இருந்தால் மாற்றித் தருவாரா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

5. சாமானும் செலவும்

நான் கொடுத்த விலைகள் இவை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

25 வாட் சால்டரிங் அயர்ன் 280 ரூபாய். 60/40 சால்டர் கம்பி சின்ன உருளை 120. சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் டப்பா 40. சால்டரை உறிஞ்சும் சக்கர் 130. தாமிரப் பின்னல் நாடா 60. சாதாரண மல்டிமீட்டர் 300. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி 120. ட்வீசர் 60. மொத்தம் 1,110 ரூபாய். எலி கடித்த கீபோர்டுக்கு 350 கொடுத்தேன்.

சக்கரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்த மலிவு சக்கர்தான் என் பட்டை பெயர்ந்ததற்குப் பாதிக் காரணம். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸை வாங்காதீர்கள், பட்டையை அரித்துவிடும். 'எலக்ட்ரானிக்ஸுக்கு' என்று சொல்லிக் கேளுங்கள். மூடி கழற்றும் கருவிக்குக் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, முனையைக் கொக்கியாக வளைத்து, மூடியின் எதிரெதிர் மூலைகளில் மாட்டி நேராக மேலே இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பக்கத்து மூடியில் தழும்பு விழும்.

ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் மூடிகளுக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். ஒரு ஓரத்தை மட்டும் இழுத்தால் கம்பியைப் பிடித்திருக்கும் கொக்கி உடையும். அவசியமில்லை என்றால் அவற்றைத் தொடவே வேண்டாம். மூடிகளைக் கழற்றும் முன் கைபேசியில் கீபோர்டை நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. எண் பகுதியில் 7 மேலேயா 1 மேலேயா என்று கைபேசியைப் பார்த்துக் குழம்பினேன். கைபேசியில் தலைகீழ்.

6. தண்டு மட்டும் உடைந்தவர்களுக்கு

தகடு இல்லாத கீபோர்டு என்றால் உங்களுக்கு அயர்னே வேண்டாம். சுவிட்ச் மூடியை நான்கு கொக்கிகள் பிடித்திருக்கும், ஒரு பக்கம் இரண்டு, எதிர்ப் பக்கம் இரண்டு. இரண்டு ட்வீசர் முனைகளால் ஒரே நேரத்தில் விரித்தால் மூடி மேலே எழும். கைக்குட்டை ஒன்றை மேலே பிடித்துக்கொண்டு செய்யுங்கள், ஸ்பிரிங் பறந்து பீரோவுக்கு அடியில் போய்விடும். உதிரியிலிருந்து அதே நிறத் தண்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்து வையுங்கள்.

நீல ரகத்தில் தண்டு இரண்டு துண்டு: நீலத் தண்டு, அதன் மேல் தளர்வாக ஓடும் வெள்ளைச் சட்டை. இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே எடுங்கள். கால்கள் உலோக இதழ் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். மூடியை அழுத்தி நான்கு 'டக்' கேட்ட பிறகு ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். 'டிக்' வராவிட்டால் திருப்பி வைத்துவிட்டீர்கள். இதழை விரலால் தொடவோ வளைக்கவோ கூடாது. அது வளைந்தால் அந்தச் சுவிட்ச் முடிந்தது.

7. சுவிட்சைக் கழற்றுதல்

அவசரம் இருக்கும் நாளில் இதைச் செய்யாதீர்கள். சனிக்கிழமை காலை, ஜன்னல் ஓரம், மின்விசிறி புகையை வெளியே தள்ளும்படி. முதலில் உதிரிக் கீபோர்டில் ஐந்து சுவிட்சைக் கழற்றிக் கை பழகுங்கள். அது கெட்டாலும் நஷ்டமில்லை. இந்த ஒரு வரியை நான் கடைப்பிடித்திருந்தால் இரண்டரை வாரம் இரண்டு நாளாகியிருக்கும்.

கேபிளைக் கழற்றிவிட்டு பிசிபியைக் கவிழ்த்து வையுங்கள். மாற்ற வேண்டிய சுவிட்சின் புள்ளிகளை மார்க்கரால் வட்டமிடுங்கள். பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடம் வலம் மாறியிருக்கும். நல்ல சுவிட்சைக் கழற்றிவிட்டுக் கெட்டதை விட்டுவைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, முதலில் புதிய சால்டரைச் சேருங்கள். எடுக்க வந்த இடத்தில் ஏன் சேர்க்க வேண்டும் என்று தோன்றும். பழைய சால்டரின் மேல் ஆக்சைடு படலம் படிந்திருக்கும், புதியது கலந்தால்தான் ஒரே சொட்டாக உருகும். 2006-க்குப் பிறகு ஐரோப்பியச் சந்தைக்காகச் செய்த பலகைகளில் ஈயமில்லாத சால்டர் இருக்கும். அது உருக சுமார் 217 டிகிரி வேண்டும். ஈயம் கலந்த 60/40 சுமார் 183 டிகிரியிலேயே இளகும். கலந்தால் வேலை சுலபம்.

அயர்ன் முனை காலையும் அதைச் சுற்றியுள்ள வட்டப் பட்டையையும் சேர்த்துத் தொட வேண்டும். இரண்டு மூன்று விநாடியில் முழுதும் பளபளவென்று உருகியதும் சக்கர் முனையை மேலேயே வைத்து பொத்தானை அழுத்துங்கள். உருகும் முன் உறிஞ்சினால் ஒன்றும் வராது, பட்டைதான் தளரும். மிச்சம் இருந்தால் உடனே மறுபடி சூடேற்றாமல் அரை நிமிடம் ஆறவிடுங்கள். மூன்று முயற்சியில் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் புதிய சால்டர் சேர்த்து முதலிலிருந்து. பிசிபி பழுப்பு நிற அட்டை ரகம் என்றால் கூடுதல் கவனம், அதில் பட்டை எளிதில் எழும்பிவிடும்.

இரண்டு கால்களையும் எடுத்த பிறகு ட்வீசரால் ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பாருங்கள். ஓட்டைக்குள் தளர்வாக ஆட வேண்டும். ஒன்று ஆடவில்லை என்றாலும் இழுக்கக் கூடாது. ஒட்டியிருந்த காலை இழுத்துத்தான் நான் பட்டையைப் பெயர்த்தேன். தகடு உள்ள பலகையில் சுவிட்சின் மேல், கீழ்ப் பக்கக் கொக்கிகளை அழுத்திக்கொண்டு வெளியே தள்ள வேண்டும்.

பழைய செர்ரி பலகை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: சில சுவிட்சுகளுக்கு இரண்டுக்குப் பதில் நான்கு உலோகக் கால்கள் இருக்கும். உள்ளே ஒரு டயோடோ இணைப்புக் கம்பியோ படுத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு சாதாரணச் சுவிட்சை வைத்தால் அந்தக் கீ மட்டுமல்ல, பக்கத்துக் கீகளும் போகலாம். பழையதிலிருந்து அந்த டயோடையோ கம்பியையோ எடுத்து, அதே திசையில், புதியதில் மாற்றிப் பொருத்துங்கள். டயோடில் கோடு எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. உதிரியை வைத்தல்

ஓட்டையில் சால்டர் மிச்சம் இருந்தால் தாமிரப் பின்னல் நாடாவை வைத்துச் சூடேற்றி ஒற்றி எடுங்கள். எதிர் வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை வழியே வெளிச்சம் தெரிய வேண்டும்.

உதிரிச் சுவிட்சின் கால்களை ட்வீசரால் நேராக்குங்கள். சுவிட்சை நேராக இறக்கி, பின்பக்கம் திருப்பி, இரண்டு காலும் வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணால் பாருங்கள். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் மாட்டும் பொறி இதுதான். ஒரு கால் ஓட்டைக்குள் போகாமல் அடியில் மடங்கிக் கிடக்கும். வெற்று ஓட்டையில் சால்டரை ஊற்றிவிட்டு, உதிரியும் கெட்டது என்று அடுத்ததைத் தேடுவோம்.

உலோகக் கால்கள் இரண்டைத் தவிர, சில சுவிட்சுகளுக்கு அடியில் நடுத் தண்டோடு பக்கவாட்டில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். தகடு இல்லாத பலகைக்கு இவை வேண்டும், அவைதான் சுவிட்சை நிமிர்த்தி நிறுத்தும். தகடு உள்ள பலகையில் அவற்றுக்கு ஓட்டை இல்லாவிட்டால் நகவெட்டியால் நறுக்கிவிடலாம். தகடு இல்லாத பலகைக்குப் பிளாஸ்டிக் கால் இல்லாத சுவிட்சை வாங்கி வந்துவிடாதீர்கள். உட்காரும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும்.

முதலில் ஒரு காலை மட்டும் லேசாக ஒட்டுங்கள். திருப்பி, பக்கத்துச் சுவிட்சோடு மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் விரலால் சுவிட்சை அழுத்திக்கொண்டே அந்தப் புள்ளியை ஒரு தடவை உருக்கினால் 'டக்' என்று உட்காரும். பிறகு இரண்டாவது கால். சால்டர் சின்ன எரிமலை வடிவில் நின்றால் சரி. உருண்டை மணியாக நின்றால் பிடிக்கவில்லை.

மூடும் முன் மல்டிமீட்டர் 'பீப்' ஒரு தடவை. அப்புறம் கேபிளை மாட்டித் திரைக் கீபோர்டில் எல்லாக் கீயும், புதியது மட்டுமல்ல. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் தொட்ட கை. அதோடு டீ டம்ளரை எடுக்காதீர்கள்.

9. பட்டை பெயர்ந்துவிட்டால்

பதறாதீர்கள். வட்டப் பட்டை காலோடு வந்துவிட்டாலும் அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்க்கலாம். பிசிபியை வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைத் தொடருங்கள், அடுத்த சுவிட்சின் காலிலோ டயோடிலோ போய் முடியும். மல்டிமீட்டரால் உறுதிசெய்துவிட்டு, அந்த இடத்திலிருந்து உங்கள் சுவிட்சின் கால்வரை மெல்லிய உறையிட்ட கம்பி ஒன்றை ஒட்டுங்கள். எலி கடித்த கீபோர்டின் கேபிளை உரித்தாலே அந்தக் கம்பி கிடைக்கும். என் 'எஃப்' கீ இப்போது அப்படி ஒரு சிவப்புக் கம்பியில்தான் ஓடுகிறது.

10. எவ்வளவு நேரம் ஆகும்?

சோதிப்பதும் தாள் வரைவதும் ஒரு மணி நேரம். ஆல்கஹால் சுத்தம், காயவிடுவது சேர்த்து ஒரு மாலை. உதிரி தேடுவதுதான் எதிர்பாராதது. எனக்கு மூன்று நடை, உங்களுக்கு ஸ்க்ரோல் லாக் போதுமென்றால் அதுவும் இல்லை. கை பழக ஒரு மணி நேரம். முதல் சுவிட்ச் நாற்பது நிமிடம், மூன்றாவது பதினைந்து. மூடிகளைக் கழுவ நினைத்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிட்டு நிழலில் ஒரு நாள் முழுதும் உலர்த்துங்கள். கொதிநீரும் மொட்டைமாடி வெயிலும் மூடியைக் கோணலாக்கும். ஈரம் மிச்சமிருக்கும் மூடியை மாட்டினால் சொட்டு நேராகச் சுவிட்சுக்குள்தான் இறங்கும்.

மாற்றிய பிறகு முதல் ஒரு வாரம் அடி மூடியின் திருகுகளை முழுதும் இறுக்காமல் இரண்டை மட்டும் போட்டு வையுங்கள். விட்டு விட்டு விழுகிறது என்றால் சுவிட்சைச் சந்தேகிக்கும் முன் அந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு தடவை உருக்கிவிடுங்கள். எனக்கு ஆறாவது நாள் 'அவரகள' ஒரு தடவை எட்டிப் பார்த்தது, அப்படி உருக்கியதும் நின்றுவிட்டது. மிச்ச உதிரிச் சுவிட்சுகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு, எந்தக் கீயிலிருந்து எடுத்தது என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன்.